தலைக்குத்தான், காம்பராவுக்கு இல்ல

மழைக்குப் பயப்படாமல் மலைக்கு மட்டும் பயந்த என் பிலோ அக்காவுக்கு,

உன் தோட்டத்திலிருந்துதான் எழுதுகிறேன். கீழ்க்கணக்கில், அதாவது தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் உள்ள பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் மேசையில், முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறேன். நேரம் பிற்பகல் இரண்டு இருபது. ஒன்பது நாளாகப் பெய்த மழை இன்று காலை பதினொரு மணிக்கு விட்டது. இப்போது நல்ல வெயில். முற்றத்தில் கயிறு கட்டி ஈரத் துணிகளைக் காயப் போட்டிருக்கிறார்கள். எல்லார் முகமும் தெளிந்திருக்கிறது. எனக்குத்தான் இந்த வெயில் பிடிக்கவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

நீ போய் இரண்டு வருஷம். நீ உயிரோடு இருந்தபோது எழுத வேண்டிய ஒன்றை நான் எழுதவில்லை. அதையும் இதில் சேர்த்துக்கொள்கிறேன். இந்தக் கடிதம் என் வாராந்தப் பத்தியின் இடத்தில் வரப்போகிறது. படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் உனக்குச் சொல்லுவேன். பொறுத்துக்கொள்.

ஹேவாஹெட்டப் பக்கத்து இந்தத் தேயிலைத் தோட்டத்தில் நீ இருபத்தாறு வருஷம் மருத்துவிச்சியாக இருந்தாய். நான் கண்டியில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு நிருபராக இருந்தேன். இரண்டு பேரும் வத்தேகமயில் ஒரே கூரைக்குக் கீழ் வளர்ந்தவர்கள். ஆனால் நீ ஆட்களை எண்ணுகிற விதம் வேறு, நான் எண்ணுகிற விதம் வேறு. வரிசை வீடுகளான லயங்களில், எந்த ஒற்றை அறைக் காம்பராவில் எத்தனை தலை என்று நீ யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதில் பாதித் தலைகளை உலகத்துக்குக் கொண்டுவந்ததே நீதான்.

நேற்றுக் காலை ஆறரைக்குத் தொலைபேசி அடித்தது.

"சார், நான் லெட்சுமி பேசுறேன். மருத்துவிச்சம்மாவோட தம்பிதானே?"

"ஆமா. எந்த லெட்சுமி?"

"அன்னைக்கு வயித்துல புள்ளையோட மல எறங்கி வந்தேனே, நீங்ககூட போட்டோ புடிச்சீங்களே, அந்த லெட்சுமி. இப்ப நான் கங்காணி சார். மேக்கணக்குல பதினாலு காம்பரா லயத்துக்கு மேல வெடிப்பு வந்திருச்சு. கைய விட்டா முழங்கை வரைக்கும் போகுது. எல்லாத்தயும் ஸ்கூலுக்கு எறக்கிட்டோம். ஆனா ஒரு மாதிரியா இருக்கு சார். நீங்க வந்தா நல்லா இருக்கும்."

"என்ன மாதிரியா இருக்கு?"

"போன்ல சொல்றதுக்கில்ல. அம்மா இருந்தா அவங்ககிட்டச் சொல்லியிருப்பேன். அவங்க இல்ல, அதான் ஒங்ககிட்ட."

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் எட்டே காலுக்கு பஸ் ஏறினேன். வழியில் இரண்டு இடத்தில் மண் இறங்கி, ஒரு பக்கமாகத்தான் போக விட்டார்கள். பதினொன்றரைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தேன். லெட்சுமிக்கு இப்போது ஐம்பது இருக்கும். மழைக்கு முக்காடாக, தலையில் படங்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் போனுமாக நின்றாள். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "இப்பிடி நரைச்சிட்டீங்களே சார், சாப்பிட்டீங்களா?"

பதினாலு குடும்பம், மூன்று வகுப்பறை. சோறும் பருப்பும் சம்பலும். பாய்க்குப் பஞ்சமில்லை. பார்த்த கணத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில்தான் புரிந்தது. சாப்பிட்டு முடித்த ஒவ்வொரு வீட்டாரும் ஒரு பார்சல் கட்டினார்கள். வாழை இலையில், பிளாஸ்டிக் பெட்டியில், ஒரு கிழவர் தொப்பியில்கூட. கேட்டால் யாரும் முகம் பார்க்கவில்லை.

"யாருக்கு லெட்சுமி, பார்சல்?"

"அதான் சார் சொன்னேனே, ஒரு மாதிரியா இருக்குன்னு."

வீட்டுக்கு ஒருவர் மேலே இருக்கிறார். வெடிப்புக்குக் கீழே, இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, காம்பராவுக்குக் காவல்.

அக்கா, இந்த வழக்கத்தை நீதான் எனக்குச் சொன்னாய். நான் மிகவும் தாமதமாகக் கேட்டேன். ஆள் இல்லாத காம்பராவில் நாளைக்கு வேறு ஆள் இருக்கும். அதுதான் நூறு வருஷத்துக்கு மேலான இவர்களுடைய சட்டம். தோட்டத் துரை பூட்டுப் போடுவார், அல்லது அடுத்த லயத்தில் இடம் போதாத குடும்பம் வந்து அடுப்பை மூட்டிவிடும். வீட்டுக்குப் பத்திரம் இல்லை. உட்கார்ந்திருக்கும் ஆள்தான் பத்திரம். கலவர வருஷத்தில் கண்டிக் கோயில் மண்டபத்துக்கு ஓடி வந்தவர்கள்கூட, வீட்டுக்கு ஒருவரைத் தேயிலைக்குள் ஒளித்து வைத்துவிட்டு வந்ததாக நீ சொல்லியிருக்கிறாய். வெட்டவரும் கத்தியைவிடக் காம்பரா பறிபோவதற்குப் பயந்தவர்கள் மலைக்கா பயப்படுவார்கள்?

இனி நான் எழுதாமல் விட்டது.

இருபத்தைந்து வருஷத்துக்கு முந்திய அந்த ஐப்பசியிலும் இப்படித்தான் வெடித்தது. மேக்கணக்கின் மறுபக்கத்துப் பன்னிரண்டு காம்பரா லயம். நீதான் எல்லாரையும் இதே பள்ளிக்கூடத்துக்கு இறக்கினாய். நிவாரணச் சாமான் கொடுக்கும் பொறுப்பும் உன்னிடம் வந்தது. நீ ஒரே ஒரு விதி வைத்தாய். சாமான் கீழேதான் கொடுக்கப்படும். எண்ணிக்கை தலைக்குத்தான், காம்பராவுக்கு இல்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கண் முன்னால் நிற்கிற தலைக்கு மட்டும்தான் அரிசி. ஒரு வீட்டில் ஒரு தலை குறைந்தால், காவலுக்கு மேலே தங்கிய ஆளை இறக்க நீயே குடையை எடுத்துக்கொண்டு மலை ஏறினாய். கண்டியிலிருந்து வந்த நிவாரண லொறியை மேலே விடாமல் பாதையில் நின்று மறித்தாய்.

நான் அன்று பதினொரு மணிக்கு வந்தேன், இரண்டு மணி பஸ்ஸுக்குத் திரும்பினேன். அந்த மூன்று மணி நேரத்தில் கண்டதை எழுதினேன். எட்டு மாதக் கர்ப்பிணி லெட்சுமி சேற்றில் இறங்கி வந்து அரிசி வாங்கிக்கொண்டு மறுபடி ஏறியதைக் கண்டேன். எழுபது வயதுக் கருப்பாயி இறங்க நாற்பது நிமிஷம், ஏற ஒரு மணி நேரம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கூடவே நடந்தேன். "எறங்கி ஏறவே சீவன் போயிருதுங்க ஐயா" என்று அவள் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் போட்டேன். 'ஒரு படி அரிசிக்கு ஒரு மணி நேர ஏற்றம்' என்று தலைப்பு வைத்தேன். உன் பெயரைப் போடவில்லை. 'பொறுப்பாக இருந்தவர்' என்றுதான் போட்டேன். அது தம்பி என்ற சலுகை என்று நினைத்தேன்.

நான் புறப்படும்போது நீ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய். "சாப்பாட்டு நேரத்துக்கு வந்துட்டுப் போற. ஒரு நாள் முழுக்க இருந்து பாரேன்டா" என்றாய்.

"பேப்பருக்கு நேரம் ஆச்சுக்கா."

கருப்பாயியிடம் நான் எல்லாம் கேட்டேன். வயது, பிள்ளைகள் எத்தனை, முழங்கால் வலி எத்தனை வருஷம். ஏன் மேலே இருக்கிறாய் என்று மட்டும் கேட்கவில்லை.

கட்டுரை வந்த மறுநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. சாமான் இனிக் காம்பரா வாசலில் கொடுக்கப்படும். வயதானவர்களை நடக்க வைக்கக் கூடாது. உன்னிடம் "நீங்க பிரசவத்தப் பாத்துக்கங்க, போதும்" என்றார்கள். கட்டுரையால் பலன் கிடைத்தது என்று ஆசிரியர் என்னைத் தட்டிக்கொடுத்தார். வாசலில் ஆள் இல்லாவிட்டால் சாமான் இல்லை என்று ஆனதும், இரண்டு நாளில் பள்ளிக்கூடம் பாதி காலியானது. நாலாம் நாள் மழை விட்டது. வெயில் அடித்தது. பத்து மணிக்கு லொறி வரும் என்று சொல்லியிருந்தார்கள். பத்தேகாலுக்கு மலை வந்தது.

கடைசி மூன்று காம்பராவும் போயின. கருப்பாயி. பக்கத்துக் காம்பரா ஆறுமுகமும் அவர் மனைவியும். மூன்றாவது காம்பரா லெட்சுமியுடையது; அவள் அன்றைக்குப் பிழைத்தது ஒரே காரணத்தால். முதல் நாள் சாயங்காலம் நீ அவளுக்கு வலி வந்துவிட்டதாகப் பொய் சொல்லி, உன் குவாட்டர்ஸில் படுக்க வைத்திருந்தாய். உன்னிடம் மிஞ்சியிருந்த அதிகாரம் அது ஒன்றுதான். பிரசவத்தை மட்டும் பார்க்கச் சொன்னார்கள், நீ அதைப் பார்த்தாய்.

அடக்கம் முடிந்து உன் குசினி அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம். நான் அழுதேனா என்று நினைவில்லை. நீ தேத்தண்ணியை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாய்: "நீ எழுதுனதுல ஒரு பொய்யும் இல்லடா தம்பி. நாலு தரம் படிச்சுப் பாத்தேன். அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

மண்சரிவைப் பற்றி அதன் பிறகு மூன்று செய்தி எழுதினேன். மழையின் அளவு, மலையின் சரிவு, தோட்ட நிர்வாகம். அந்த உத்தரவு எங்கிருந்து பிறந்தது என்று எழுதவில்லை. நீயும் கேட்கவில்லை. உன் மரண அறிவித்தலை நானே எழுதினேன். அதிலும் இது இல்லை. நீ ஏன் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அக்கா? மன்னித்துவிட்டாயா, அல்லது எனக்கே ஒரு நாள் புத்தி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாயா?

நேற்றுப் பிற்பகல் மூன்று மணிக்கு நிவாரண உத்தியோகத்தர் வந்தார். முப்பது வயதுப் பையன், யாழ்ப்பாணத்துக்காரன். சேறு ஒட்டிய சப்பாத்து, நெஞ்சோடு அணைத்த கோப்பு, நல்ல சிரிப்பு. ஆறு நாளாக இப்படியே தோட்டம் தோட்டமாக அலைகிறானாம். அவன் சனத்துக்குச் சொன்னது இதுதான்: "நாளைக்கு விட்டு நாளையிண்டைக்குக் காலமை ஒன்பது மணிக்குப் பட்டியல் எடுக்க வாறம். உலர் உணவும் வரும், புது வீட்டுக்கான பேரும் பதியிறம். எல்லாரும் அவையவையின்ர காம்பரா வாசலில நில்லுங்கோ."

புது வீடு என்ற சொல்லை இந்த லயம் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒருவர்கூட 'ஏன் மேலே?' என்று கேட்கவில்லை. நான் எழுந்து அவனைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனேன்.

"தம்பி, வெடிப்பைப் பார்த்தீங்களா?"

"ஓம் ஐயா. அளந்தவையள் அனுப்பின அறிக்கையும் பாத்தனான். ஆபத்துத்தான். அதாலதான் புது வீடு."

"அப்ப ஆபத்தான இடத்துக்கு அத்தனை பேரையும் ஏன் திரும்ப ஏத்துறீங்க? பட்டியலை இங்க எடுக்கலாமே."

"ஐயா, ஆர் உண்மையா அங்க இருக்கினம் எண்டு பாத்துத்தான் பதியவேணும். மற்றது, இந்தத் தோட்டத்தில வாசலில குடுக்கிறதுதான் வழமையாம். முந்தி ஒருக்கா வயசு போனவையை மலை இறக்கிப் பெரிய பிரச்சினையாகி, பேப்பரில எல்லாம் வந்ததாம். கந்தோர்க் கோப்பில அந்தத் துண்டை ஒட்டியே வைச்சிருக்கினம்."

அவன் கோப்பைத் திறந்து காட்டினான். மஞ்சள் பூத்த துண்டு. என் தலைப்பு. என் பெயர்.

"இதை எழுதினது நான்தான் தம்பி."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது, அக்கா. அதைத்தான் தாங்க முடியவில்லை. "நல்லா எழுதியிருக்கிறியள் ஐயா" என்றான். "நான் சின்னனில அம்மாவோட முகாமில வரிசையில நிண்டனான். கஞ்சிக்கு, தண்ணிக்கு, எல்லாத்துக்கும். ஒரு நாள் வரிசையிலயே அம்மா மயங்கி விழுந்தவ. இந்த வேலைக்கு வந்த நாள் தொடக்கம் நினைச்சனான், நான் இருக்கிற இடத்தில சனத்தை நடக்கவைச்சு, நிக்கவைச்சுக் குடுக்கிறதில்லை எண்டு."

கருப்பாயியைப் பற்றிச் சொன்னேன். பத்து மணி லொறியைப் பற்றிச் சொன்னேன். அவன் முகம் வெளுத்தது. அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் அதற்குப் பிறகு நடந்தது ஒட்டப்படவில்லை. ஒட்டுவதற்கு அப்படி ஒன்று எழுதப்படவே இல்லையே. "சாமானை இங்கயே இறக்கிறன் ஐயா, அது என்ர கையில இருக்கு" என்றான். "பட்டியல் என்ர கையில இல்லை. மேலிடத்தில கேட்டுச் சொல்லுறன்." கேட்பான். நல்ல பிள்ளை. ஆனால் இந்த நிமிஷம்வரை தொலைபேசி வரவில்லை. பட்டியல் நாளைக் காலை ஒன்பது மணிக்கு.

இன்று பன்னிரண்டு மணிக்கு உன் மாதிரிச் செய்து பார்த்தேன். ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு, தலையை எண்ணினேன். உனக்கு மனதில் இருந்தது எனக்குக் கொப்பியில் இருக்க வேண்டியிருக்கிறது. பதினாலு வீட்டில் ஏழு வீடு நேற்று இரவே ஆளை இறக்கியிருந்தது. ஏழு தலை குறைந்தது. நேற்று நான் அவர்களிடம் பேசியதற்கு அவ்வளவுதான் மதிப்பு. வெயிலைப் பார்த்ததும் இறங்கியவர்களும் பாயைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள். "மழதான் விட்டிருச்சே சார், காலையில ஏறுறதுக்கு இப்பவே ஏறிட்டா அடுப்பு மூட்டிக்கலாம்" என்றார் ஒருவர்.

உன் விதி இங்கே செல்லவில்லை, அக்கா. சோற்றைத் தலைக்கு அளந்தால் சோறுதான் குறையும். வீடு காம்பராவுக்கு வருகிறது. வீட்டுக்கு முன்னால் ஒரு வேளைச் சோறு எம்மாத்திரம்? இவர்கள் புத்தியில்லாமல் ஏறவில்லை. கணக்குப் பார்த்துத்தான் ஏறுகிறார்கள். அந்தக் கணக்கை மாற்றுகிற ஒன்று என் கையில் வேண்டும்.

என் கையில் இருப்பது பத்திரிகை ஒன்றுதான்.

பாய் சுருட்டியவர்களை உட்காரச் சொன்னேன். "பட்டியல நான் எடுக்கிறேன்" என்றேன். "காம்பரா நம்பர், வீட்டுல எத்தனை பேர், எத்தனை வருஷமா இருக்கீங்க, எல்லாம். ஒவ்வொரு வீட்டாரும் கையெழுத்துப் போடணும். நாளைக்குப் பேப்பர்ல வரும். ஊரே படிச்ச பேரை எந்தக் கந்தோரும் வெட்ட ஏலாது. வெட்டுனா மறுநாளும் எழுதுவேன்."

"நெசமா வருமா சார்?"

"வரும். ஆனா என் கண்ணு முன்னால நிக்கிற தலையத்தான் எழுதுவேன். மேல இருக்கிற ஆளுக்கு வரியைக் காலியா விடுவேன்."

பின்னாலிருந்து ஒரு கிழவி, "மருத்துவிச்சம்மா புத்தி தம்பிக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்கு. மோசமில்ல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு நாலைந்து போன் ஒரே நேரத்தில் மேலே பேசின. ஒருத்தி தன் மாமனாரிடம், "நீங்க வரலைன்னா புது வீட்டுல ஒங்களுக்குக் காம்பரா கெடையாது, கோழிக்கூட்டுலதான் படுக்கணும்" என்று கத்தினாள். ஒன்றரை மணிக்குள் நாலு பேர் இறங்கிவிட்டார்கள். மூச்சு வாங்க என் முன்னால் வந்து நின்று, எழுது என்றார்கள். எழுதினேன்.

மூன்று தலை குறைந்தது. பதினாலாம் காம்பரா சுப்பையா. பதின்மூன்றாம் காம்பரா செல்லம்மா, இடுப்பு விழுந்தவள், தனியாக இறங்க முடியாது. மற்றது எந்த வீடு என்று, இதை எழுதுவதற்கு இடையில் கொப்பியை மறுபடி எண்ணினேன். பதினோராம் காம்பரா.

"லெட்சுமி, உன் வீட்டுல எத்தனை பேரு?"

"நானு, மகன், மருமக, அவரு. நாலு சார்."

"மகன் கண்டியில கடையில, மேல இல்ல. அது எழுதிட்டேன். மருமக இங்க. நீ இங்க. உன் வீட்டுக்காரர்?"

அவள் கரண்டியைத் துடைத்தாள். துடைத்த கரண்டியையே மறுபடி துடைத்தாள்.

"நாந்தான் சார் இருக்கச் சொன்னேன்" என்றாள். "ஊரையே எறக்குனேன். அவர மட்டும் இருக்கச் சொன்னேன். நான் லயத்துலயே பொறந்தவ. என் புள்ளையும் லயத்துல பொறக்க வேண்டியது, அம்மா புண்ணியத்துல குவாட்டர்ஸ்ல பொறந்துச்சு. என் பேரப்புள்ளையாவது சொந்த வீட்டுல பொறக்கணும்னு..."

சொன்ன கையோடு போன் போட்டாள். அவள் வீட்டுக்காரர் மணியம் இறங்கச் சம்மதிக்கவில்லை. செல்லம்மாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவது என்கிறாராம். போன் சுப்பையா கைக்கு மாறியது. லெட்சுமி சத்தத்தைக் கூட்டி என் பக்கம் நீட்டினாள்.

"சுப்பையா, எறங்கி வாங்க. பேரு நான் எழுதுறேன்."

"பேப்பர்ல போட்ட பேரெல்லாம் பாத்தாச்சு ஐயா. நான் கெடந்து பாத்துக்குறேன். காலையிலருந்து கதவு வேற மூடமாட்டேங்குது. நெலை இறுகிப் போச்சு. கதவு மூடலைன்னாத்தானே காவல் இருக்கணும்?"

அவர் தன் பகடிக்குத் தானே சிரித்தார். நேற்று மூடிய கதவு இன்று ஏன் மூடவில்லை, அக்கா? அடியில் நிலம் நகர்கிறதா? மரம் ஊதியிருக்கலாம், ஒன்பது நாள் மழை. அப்படித்தான் நானும் சொல்லிக்கொண்டேன். பிறகு மணியம் பின்னாலிருந்து எதையோ சொல்வது கேட்டது. என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார். பீலி நின்னு போச்சாம். தண்ணி வரல. கீழருந்து ரெண்டு போத்தல் கொண்டாரச் சொல்றாரு."

ஒன்பது நாள் பெய்த மழைக்குப் பிறகு மலையிலிருந்து வரும் பீலியில் தண்ணீர் இல்லை. அந்தத் தண்ணீர் இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கிறது?

அது நடந்து பதினைந்து நிமிஷம் ஆகிறது. நான் ஏறப் போகிறேன். தோட்டத்து வாலிபர்கள் இரண்டு பேர் செல்லம்மாவைத் தூக்க ஒரு கதிரையில் கம்பு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கட்டி முடிக்கிற நேரத்தில்தான் இதை எழுதி முடிக்கிறேன். லெட்சுமி தானே வருகிறேன் என்று நின்றாள். நீ கீழே இருந்து எண்ண வேண்டும், நீ ஏறினால் உன் பின்னால் பதினாலு வீடும் ஏறும் என்றேன்.

"நீங்க ஏறுவீங்களா சார்? இந்த வயசு முழங்கால வச்சிக்கிட்டா?"

"ஏற ஒரு மணி நேரம். அளந்து வச்சிருக்கேன்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வாலிபர்களை மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் சுப்பையாவுக்குப் பேப்பர்மேல் நம்பிக்கை இல்லை. எழுதியவனே போய் நின்று, உங்கள் பெயரை இந்த வரியில் எழுதப் போகிறேன், கீழே வந்து பாருங்கள் என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு எழுதியது நான்தான் என்றும் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு அவர் அடித்தாலும் சரி, இறங்கிய பிறகு அடிக்கட்டும்.

திரும்பி வந்து நிதானமாகப் படித்துப் பார்த்து அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டாம். லெட்சுமியின் மருமகள் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து இப்போதே பத்திரிகைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாள். அந்த மஞ்சள் துண்டுக்குப் பக்கத்தில் ஒட்ட அந்தப் பையனுக்கு இது இருக்கும். நான்கு பக்கம் போய்விட்டது. இது ஐந்தாவது. ஆறாவது பக்கத்தில் பட்டியல்: பதினாலு காம்பரா, ஒவ்வொன்றிலும் எத்தனை தலை, யார் யார். மூன்று வரி காலியாக இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அக்கா. அந்த மூன்று பெயரையும் மேலே லயத்தில் வைத்து எழுத மாட்டேன். மூன்று பேரும் இந்தப் பள்ளிக்கூட முற்றத்தில் என் முன்னால் நின்ற பிறகு, இந்த மேசையில் வைத்துத்தான் எழுதுவேன்.

ஒரு நாள் முழுக்க இருந்து பார்க்க வந்திருக்கும்,
உன் தம்பி
அருளப்பன்